ஃப்யூஷன் ஜாஸுக்குள் நுழைய முதலில் எந்த ஆல்பம்?

ஜாஸையும் ராக்கையும் கலக்கிற ஜாஸ்-ராக் ஃப்யூஷன் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிற பலரும், எல்லாக் காலத்துக்கும் சிறந்தவை என்று யாரோ போட்டுவைத்த பட்டியலைத் தேடி, அதில் முதலில் இருப்பதை எடுத்துக் கேட்கிறார்கள். அநேகமாக அது டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' ஆக இருக்கும். முதல் டிராக்கே இருபது நிமிடம், மெட்டு எது, எங்கே தொடங்கியது, எங்கே போகிறது என்று ஒன்றும் பிடிபடாது, பாதியில் நிறுத்திவிட்டு இது நமக்கு ஒத்துவராது என்று போய்விடுகிறார்கள். அந்த ஆல்பத்தின் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். ஆனாலும் முதலில் கேட்க அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். வரலாற்றை மாற்றிய ஆல்பம் எது என்பது ஒரு கேள்வி, உங்கள் காது இன்றைக்கு எதைப் பற்றிக்கொள்ளும் என்பது வேறு கேள்வி. புதிதாகக் கேட்பவருக்கு வேண்டியது இரண்டாவதற்கான பதில்.

அந்தப் பதில் நீங்கள் ஏற்கெனவே எப்படிப் பாட்டுக் கேட்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. டிரம்ஸும் பேஸும் (கீழ்ச் சுரங்கள் வாசிக்கிற கிட்டார்) சேர்ந்து ஓடினால் கால் தானாக ஆடுகிறதா, கிட்டார் சோலோ வந்ததும் சத்தத்தைக் கூட்டுகிறவரா, முணுமுணுக்க ஒரு மெட்டு இல்லாவிட்டால் அலுத்துவிடுமா, இல்லை ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஒரு மனநிலைக்குள் மூழ்கிக் கிடக்கத்தான் இசையா? நால்வருக்கும் நான்கு வாசல். மாற்றி நுழைந்தால்தான் சிரமம்.

முதலில் தாளக்காரர்கள். இவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது கீபோர்டு கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்', 1973. அதற்கு முன் அவர் நடத்திய குழு எங்கேயோ அந்தரத்தில் மிதக்கிற மாதிரியான இசையை வாசித்துக்கொண்டிருந்தது. அது போதும், கால் தரையில் பட வேண்டும் என்று தோன்றி, குழுவைக் கலைத்துவிட்டு ஃபங்க் என்கிற ஆட்டத் தாள இசைப் பக்கம் வந்தார். நான்கே டிராக், சுமார் 42 நிமிடம். 'கமீலியன்' தொடங்கும்போது கேட்கிற அந்தப் பேஸ் வரி ஹான்காக் சின்தசைசரில் வாசிப்பது. கொஞ்ச நேரத்தில் மேலே கிட்டார் மாதிரி ஒன்று சேரும், அதுதான் பால் ஜாக்சன் பேஸில் மேல் ஸ்தாயியில் வாசிப்பது. ஆல்பம் முழுக்கவும் கிட்டார்க்காரரே கிடையாது. இந்த டிராக் முதல் முறை கேட்பவருக்கு ஏன் அவ்வளவு ஏற்றது என்றால், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக, அவசரம் இல்லாமல் உள்ளே வருகிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கிரூவை, அதாவது திரும்பத் திரும்ப ஓடுகிற தாள ஓட்டத்தை, கட்டுவதை நம் கண் முன்னால் செய்து காட்டுகிறார்கள். பாதி தாண்டியதும் தாளம் மாறி எலெக்ட்ரிக் பியானோ சோலோ தொடங்கும், ஜாஸ் என்பது அங்கேதான் முழுதாகத் தலைகாட்டுகிறது, அதற்குள் நீங்கள் உள்ளே வந்துவிட்டிருப்பீர்கள். அடுத்த டிராக் 'வாட்டர்மெலன் மேன்' ஹான்காக் 1962ல் சாதாரண ஜாஸ் குழுவோடு பதிவு செய்த பாட்டுதான். இங்கே பில் சம்மர்ஸ் பீர் பாட்டிலில் ஊதிக்கொண்டு ஆரம்பிக்கிறார், மத்திய ஆப்பிரிக்கப் பிக்மி மக்களின் ஒற்றைக் குழல் இசையைப் பின்பற்றி. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், பதினோரு வருடத்தில் ஜாஸுக்கு என்ன ஆயிற்று என்பது புத்தகம் படிக்காமலே புரிந்துவிடும்.

இதே வாசலுக்கு இன்னொரு தேர்வு ஸ்நார்க்கி பப்பி குழுவின் 'வி லைக் இட் ஹியர்', 2014. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில், வாசிப்பவர்களைச் சுற்றிக் காதில் ஹெட்ஃபோனோடு பார்வையாளர்களை உட்காரவைத்து நேரடியாகப் பதிவு செய்தது. 70களின் சின்தசைசர் சத்தமே பழசாகத் தெரிகிறது என்பவர்களுக்கு இது சரியாக இருக்கும், ஒலிப்பதிவு அவ்வளவு சுத்தம். 'லிங்கஸ்' டிராக்கில் கோரி ஹென்றி வாசிக்கிற சின்தசைசர் சோலோவைக் கேட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் ஏராளம். ஆனால் என் தேர்வு இன்னமும் ஹான்காக்தான். ஸ்நார்க்கி பப்பியில் ஏற்பாடு அதிகம், ஒவ்வொரு திருப்பமும் முன்பே எழுதப்பட்டிருப்பது தெரியும். 'ஹெட் ஹன்டர்ஸில்' அடுத்து என்ன நடக்கும் என்று வாசிப்பவர்களும் சேர்ந்து தேடுகிறார்கள், ஜாஸில் காதைப் பழக்க அந்தத் தேடலைக் கேட்பதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

அடுத்து கிட்டார்க்காரர்கள். இங்கேதான் தேர்வு கடினம், ஏனென்றால் நல்லவை நிறைய, தவறான வரிசையும் நிறைய. எல்லாரும் கைகாட்டுவது கிட்டார்க்காரர் ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவை. 1971ன் 'தி இன்னர் மௌன்டிங் ஃப்ளேம்', 1973ன் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்'. கிட்டாரும் ஜெர்ரி குட்மேனின் வயலினும் யான் ஹாமரின் கீபோர்டும் ஒரே வேகத்தில் ஒரே வரியை வாசிக்க, பில்லி காப்ஹாம் பின்னால் டிரம்ஸில் இடி இடிக்கிறார். தாளங்கள் நாலில் அடங்காது. 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' டிராக் பதினெட்டு அட்சரச் சுற்று. லய இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் தனி சுகம் உண்டு, எங்கே சமம் விழுகிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். ராக் மட்டும் கேட்டு வந்தவருக்கு முதல் பத்து நிமிடத்திலேயே களைப்பாகிவிடும். சத்தத்தால் வருகிற களைப்பு இல்லை அது, அழுத்தம் எங்கேயும் இறங்குவதே இல்லை என்பதுதான் காரணம். இதிலேயே தொடங்கியாக வேண்டும் என்றால் முதல் ஆல்பத்தில் 'யூ நோ யூ நோ' என்ற மெதுவான டிராக்கையும், டிரம்ஸே இல்லாத 'எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்' டிராக்கையும் முதலில் கேட்டுவிட்டு மற்றதற்குப் போங்கள்.

அதைவிட நல்ல வழி அதே டிரம்மரின் சொந்த ஆல்பம். பில்லி காப்ஹாமின் 'ஸ்பெக்ட்ரம்', 1973. யான் ஹாமர் இங்கேயும் இருக்கிறார், ஆனால் கிட்டார் வாசிப்பது டாமி போலின், அப்போது அவருக்கு வயது 21, ஜாஸ்காரரே இல்லை, முழு ராக் ஆள். பேஸ் வாசித்த லீலண்ட் ஸ்க்ளாரும் அப்படித்தான். அதனால் என்ன ஆகிறது என்றால், டிரம்ஸும் கீபோர்டும் எவ்வளவு சிக்கலாகப் போனாலும் கிட்டாரும் பேஸும் உங்களுக்குத் தெரிந்த மொழியில் பேசிக்கொண்டே இருக்கின்றன. 'ஸ்ட்ராட்டஸ்' டிராக்கில் முதல் மூன்று நிமிடம் டிரம்ஸும் மின்னணு ஒலிகளும் சேர்ந்து ஏதோ செய்துகொண்டிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் திரும்பத் திரும்ப ஒலிக்கிற அந்தச் சின்ன வரி, அந்தப் பேஸ் ரிஃப் வரும். வந்த பிறகு அது மாறுவதே இல்லை, அதன் மேல் மற்ற எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது. 1991ல் மாசிவ் அட்டாக் குழு 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' பாட்டுக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டதும் இதே ரிஃப்தான். ராக்கிலிருந்து வருகிறவர் ஒருவருக்கு ஒரே ஒரு ஆல்பம் சொல்லச் சொன்னால் என் வாயில் வருவது 'ஸ்பெக்ட்ரம்'.

ஜெஃப் பெக்கின் 'ப்ளோ பை ப்ளோ' (1975) இதைவிடவும் எளிது. பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின்தான் இதற்கும் தயாரிப்பு, எல்லாம் அளவாக, மெருகாக இருக்கும், கிட்டார் பாடுகிற மாதிரியே பாடும். ஸ்டீவி வொண்டர் எழுதிய 'காஸ் வீ'வ் என்டட் அஸ் லவர்ஸ்' ஒன்றுக்காகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதைக் கேட்டால் ஜாஸுக்குப் பழக்கமாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ராக் பக்கத்திலிருந்து வாசலை எட்டிப் பார்க்கிற ஆல்பம் இது. ரிட்டர்ன் டு ஃபாரெவர் குழுவின் 'ரொமான்டிக் வாரியர்' (1976) இதற்கு நேர் எதிர்முனை. சிக் கொரியா, அல் டி மியோலா, ஸ்டான்லி கிளார்க், லென்னி வைட் என்று நால்வரும் அசாத்தியத் திறமைசாலிகள், அந்தத் திறமையை ஒரு வினாடிகூட மறக்க விடுவதில்லை. பழகிய பிறகு கேளுங்கள், பிரமிப்பு கிடைக்கும். முதலில் கேட்டால் பிரமிப்பு மட்டுமே கிடைக்கும்.

மெட்டு வேண்டும் என்கிறவர்களுக்கு வெதர் ரிப்போர்ட் குழுவின் 'ஹெவி வெதர்', 1977. முதல் டிராக் 'பேர்ட்லேண்ட்' ஆறு நிமிடத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இத்தனை மெட்டுகளை அடுக்குவதைப் பார்த்தால், குழுவின் கீபோர்டு கலைஞர் ஜோ ஸாவினுலுக்கு மெட்டுகள் கொட்டிக்கிடந்திருக்கின்றன என்றுதான் தோன்றும். நியூயார்க்கில் அதே பெயரில் இருந்த ஜாஸ் கிளப்புக்கான வணக்கம் அது. அடுத்த டிராக் 'எ ரிமார்க் யூ மேட்'. வேய்ன் ஷார்ட்டரின் சாக்ஸஃபோனுக்குக் கீழே ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் (சுரங்களைப் பிரிக்கிற குறுக்குக் கம்பிகள்) இல்லாத பேஸில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகிறார். கமகம் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த வழுக்கல் உடனே புரியும். பேஸ் கிட்டார் இப்படி அழும் என்பது இதற்கு முன் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. சிலர் இந்த ஆல்பத்தை மெருகு கூடிப்போனது என்று ஒதுக்குவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மெருகுக்குக் கீழே நடப்பது சிக்கலானது, நான்காவது ஐந்தாவது முறை கேட்கும்போதுதான் அது தெரியத் தொடங்கும், அதுவரை காத்திருக்க வைக்கிற வேலையை மெட்டுகள் பார்த்துக்கொள்ளும்.

குரல் இல்லாமல் கேட்கவே முடியாது என்றால் ரிட்டர்ன் டு ஃபாரெவரின் பழைய அவதாரமான 'லைட் அஸ் அ ஃபெதர்' இருக்கிறது. 1972ல் பதிவானது, பிரேசிலின் ஃப்ளோரா புரிம் பாடுகிறார், 'ஸ்பெயின்' என்ற புகழ்பெற்ற டிராக் இதில்தான். அதே குழுப் பெயர், அதே சிக் கொரியா, நான்கு வருடத்தில் 'ரொமான்டிக் வாரியர்' வரை போனார்கள் என்று நம்பவே கஷ்டமாக இருக்கும்.

ராத்திரி மூழ்கிக் கிடப்பவர்களுக்கான நான்காவது வாசல்தான் எனக்கு மிகவும் நெருக்கமானது. மைல்ஸ் டேவிஸின் 'இன் அ சைலன்ட் வே', 1969 பிப்ரவரி 18 ஒரே நாளில் பதிவானது. மூன்று எலெக்ட்ரிக் கீபோர்டுகள், ஹான்காக், கொரியா, ஸாவினுல். கிட்டாரில் இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த மெக்லாஃப்லின். கிட்டார் வாசிக்கத் தெரியாத ஆள் வாசிப்பது போல வாசி என்று மைல்ஸ் அவரிடம் சொன்னதாக மெக்லாஃப்லினே பல முறை சொல்லியிருக்கிறார், இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தைக் கேட்டால் அந்தச் சொல் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று தெரியும், ஒவ்வொரு சுரமும் தயங்கித் தயங்கி வருகிறது. ஸாவினுல் எழுதிவந்த மெட்டில் கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டுகள்) நிறைய இருந்தன, மைல்ஸ் அவற்றைக் களைந்துவிட்டார். பிறகு தயாரிப்பாளர் டியோ மாசெரோ ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, ஒவ்வொரு பக்கத்தின் ஆரம்பத்தையும் அப்படியே எடுத்து முடிவிலும் வைத்தார். அதனால் கடைசியில் கேட்பது ஆரம்பத்தில் கேட்ட அதே பதிவுதான், ஆனால் நடுவில் நடந்ததைக் கேட்டுவிட்டு வருகிற காதுக்கு அது வேறாக ஒலிக்கிறது. 38 நிமிடம்தான். யாருக்கும் தொந்தரவு செய்யாத ஆல்பம், கவனித்துக் கேட்டால் முடிவே இல்லாதது.

இதையா, 1959ன் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வையா என்ற கேள்வி அடிக்கடி வரும். மின்சார வாத்தியமே வேண்டாம், ஜாஸ் என்றால் டிரம்பெட்டும் பியானோவும்தான் என்று மனதில் படம் இருப்பவர்கள் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' எடுக்கலாம். 'ஸோ வாட்' டிராக்கின் அமைப்பு மிக எளிது: 32 பார் (தாளச் சுற்று), முதல் 16 ஒரே சுர வரிசை, அடுத்த 8 அதையே அரைப் படி மேலே, கடைசி 8 திரும்பப் பழைய இடம். இதைத் தெரிந்துகொண்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள், சோலோ வாசிப்பவர் எங்கே நிற்கிறார் என்பது பிடிபட்டுவிடும், ஜாஸில் தொலைந்துபோகிற பயம் அன்றோடு போய்விடும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே, கார்டுகளைக் குறைத்து வாசிப்பவருக்கு இடம் கொடுப்பது. மனோதர்மத்துக்கு இடம் விடுகிற அந்த யோசனைதான் பத்து வருடம் கழித்து மின்சாரத்தோடு திரும்பி வந்தது. ஆனால் தேடி வந்தது ஃப்யூஷன் என்றால், முதலில் 'இன் அ சைலன்ட் வே', அதன் பிறகு பின்னோக்கிப் போங்கள் என்பேன். பழையதிலிருந்து முறையாகத் தொடங்குகிறேன் என்று கிளம்புகிறவர்கள் வழியிலேயே நின்றுவிடுவது அதிகம்.

இதே அமைதியில் கிட்டார் வேண்டுமென்றால் பாட் மெத்தீனியின் 'ப்ரைட் சைஸ் லைஃப்', 1976. மூன்றே பேர், பேஸில் இங்கேயும் ஜாக்கோ. 'ஹெவி வெதரில்' பெரிய குழுவுக்குள் கேட்ட அதே கையை இங்கே எந்த மறைவும் இல்லாமல் கேட்கலாம்.

கர்நாடக, இந்துஸ்தானி இசை கேட்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, சக்தி என்ற குழு. மகாவிஷ்ணுவின் இரைச்சலிலிருந்து நேராக அகௌஸ்டிக் கிட்டாருக்கு வந்தார் மெக்லாஃப்லின். எல். ஷங்கர் வயலின், ஜாகிர் ஹுசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம். ராக் இதில் கொஞ்சமும் இல்லை, எனவே ஜாஸ்-ராக் என்று தேடி வருபவர் ஏமாறலாம். முதல் ஆல்பம் 1975ல் மேடையில் பதிவானது, மொத்தமே மூன்று டிராக், அதில் ஒன்று கிட்டத்தட்ட அரை மணி நேரம். கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு அந்த நீளம் ஒரு பொருட்டே இல்லை. மற்றவர்கள் அதிலேயே உள்ள ஐந்து நிமிட 'லோட்டஸ் ஃபீட்' கேட்டுவிட்டு, அடுத்ததாக 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' ஸ்டூடியோ ஆல்பத்துக்குப் போவது நல்லது.

சரி, 'பிட்சஸ் ப்ரூ' எப்போது? 'இன் அ சைலன்ட் வே' உங்களுக்குள் நன்றாக இறங்கிய பிறகு. அது பதிவாகி ஆறே மாதத்தில், 1969 ஆகஸ்டில், மூன்று நாளில் பதிவானது இது. இரண்டு பேஸ், ஒன்றுக்கு மேற்பட்ட டிரம்மர், சில டிராக்குகளில் மூன்று எலெக்ட்ரிக் பியானோ, நடுவே பென்னி மாப்பினின் பேஸ் கிளாரினெட் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றரை மணி நேரத்தை ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது தட்டில் தொடங்குங்கள். 'ஸ்பானிஷ் கீ', 'மைல்ஸ் ரன்ஸ் த வூடூ டவுன்' இரண்டிலும் தாளம் தெளிவாகக் கையில் அகப்படும். முதல் தட்டுக்குப் பிறகு வரலாம், எல்லாரையும் விரட்டியடிக்கிற 'ஃபாரோஸ் டான்ஸ்' அப்போது மாசெரோ வெட்டி ஒட்டிக் கட்டிய பெரிய கட்டடமாகக் கேட்கும். பெட்டி பெட்டியாக வந்த முழுப் பதிவுத் தொகுப்புகளை இப்போதைக்குத் தொட வேண்டாம், வெளியான ஆல்பத்தின் வடிவமே அவற்றில் கரைந்துவிடுகிறது.

இன்றைய ஜாஸில் தொடங்கலாமா என்றால், தாராளமாக. ராபர்ட் கிளாஸ்பரின் 'பிளாக் ரேடியோ' (2012) ஹிப்-ஹாப், ஆர் அண்ட் பி கேட்பவர்களுக்கு இயல்பான வழி. கமாசி வாஷிங்டனின் 'தி எபிக்' (2015) பெயருக்கேற்ப மூன்று தட்டு, ஏறக்குறைய மூன்று மணி நேரம், நல்ல ஆல்பம்தான், ஆனால் முதலில் எடுக்கிற அளவு இல்லை.

எதைத் தேர்ந்தாலும் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த இசையின் பாதி பேஸில் இருக்கிறது, அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. 'கமீலியன்' அதில் வெறும் டிக் டிக் என்று கேட்கும். சாதாரண இயர்ஃபோன் போதும். அப்புறம் ஒரே ஆல்பத்தை ஒரு வாரம் வைத்துக் கேளுங்கள், ஒரு நாள் முழுக்கப் பேஸை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த நாள் டிரம்ஸை. வாரத்துக்கு இருபது ஆல்பம் ருசி பார்ப்பதை விட இது பல மடங்கு பலன் தரும்.

இரண்டாவது ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கப் பட்டியலே தேவைப்படாது, பிடித்த கையின் பெயரைப் பார்த்துப் பின்னால் போனாலே போதும். ஹான்காக் பிடித்தால் 1965ன் 'மெய்டன் வாயேஜ்', மின்சாரம் இல்லாத ஹான்காக் எவ்வளவு அழகு என்று தெரியும். 'இன் அ சைலன்ட் வே' முதல் பக்கத்தில் டிரம்மர் டோனி வில்லியம்ஸ் ஹை-ஹாட்டை (டிரம்ஸில் காலால் மூடித் திறக்கிற ஜோடித் தாளத் தட்டு) தவிர வேறெதையும் ஏறக்குறைய தொடுவதே இல்லை, அந்த அடக்கம் உங்களைக் கவர்ந்தால், அதே வருடம் அவர் மெக்லாஃப்லினையும் ஆர்கன் வாசித்த லாரி யங்கையும் சேர்த்துக்கொண்டு தன் சொந்தக் குழுவோடு பதிவு செய்த 'எமர்ஜென்சி!' கேளுங்கள். ஒலிப்பதிவு கரகரப்பு, சத்தம் எல்லை மீறும், அதே 23 வயது ஆள்தான் இரண்டிலும்.